காண்டாமிருகத்தைக் காட்டிய கீரி

ஆப்பிரிக்கப் புல்வெளி ஒன்றில் வெகேசா என்று ஒரு கீரி இருந்தது. உடம்பு முழ நீளம்தான். வாய் மட்டும் முதலை வாய்! அந்த வாய்க்கு ஏற்ற வேலையைத்தான் அது தேடிக்கொண்டது. வழிகாட்டியாவதற்குப் பயிற்சி எடுத்தது.

மழைக்காலம் வந்தால் கடல் தாண்டி அந்தக் காட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். இந்தியாவிலிருந்து சுடலைக்குயில்கள் வரும். குளிர்நாடுகளிலிருந்து நாரைகள் வரும். அவர்களுக்குக் காட்டைச் சுற்றிக்காட்ட நல்ல வழிகாட்டி வேண்டுமே! பயிற்சி கொடுத்தது ஒட்டகச்சிவிங்கி. எல்லா மிருகங்களும் அதை 'மேடம்' என்றுதான் கூப்பிடும். கழுத்தைப் போலவே கண்டிப்பும் அதற்குக் கொஞ்சம் நீளம்.

வெகேசா வாயாடியே தவிர, மக்கு இல்லை. காலடித் தடத்தின் ஓரம் உதிர்ந்திருந்தால் பழைய தடம், கூராக இருந்தால் புதுத் தடம் என்று படித்துக்கொண்டது. பெரிய மிருகத்தை நெருங்கும்போது காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் நம் வாசனை நமக்கு முன்னால் போய்விடும் என்று கற்றுக்கொண்டது. சிங்கம் எதிரே வந்தால் ஓடாமல் நிற்கவும் பழகியது. கால் நடுங்கியது வேறு விஷயம்.

கடைசியில் தேர்வு நாள் வந்தது.

"இன்னைக்கு விருந்தாளிகளை நீதான் கூட்டிட்டுப் போகணும். திரும்பி வந்ததும் அவங்க சந்தோஷமா சிறகு தட்டினா நீ பாஸ்! கினிக்கோழி இறகை உன் காதில் செருகி விடுவேன். தட்டலைன்னா அடுத்த மழைக்குப் பார்க்கலாம்" என்றது ஒட்டகச்சிவிங்கி.

"தட்டுவாங்க மேடம்! சிறகு ஒடியற வரைக்கும் தட்டுவாங்க!" என்றது வெகேசா.

அந்தக் காட்டில் ஒரு ரகசியம் இருந்தது. முள்வேலம் புதருக்குள் ஒரு காண்டாமிருகம் குட்டி போட்டிருந்தது. அதன் கொம்புக்காகத் துப்பாக்கியோடு அலையும் திருட்டு வேட்டைக்காரர்கள் ஆற்றங்கரையில் பதுங்கியிருந்தார்கள். அதனால் எந்த மிருகமும் அந்தப் புதரைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. ஒட்டகச்சிவிங்கி இதைப் பாடத்தில் சேர்க்கவே இல்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று நினைத்துவிட்டது.

விருந்தாளிகள் கூடினார்கள். குயில்கள், நாரைகள், அவற்றோடு சேர்ந்து உள்ளூர்த் தேன்காட்டிக் குருவியும் வந்து உட்கார்ந்தது. மனிதர்களுக்கு முன்னால் கத்திக்கொண்டே பறந்து, தேன்கூட்டைக் காட்டிக்கொடுத்து, மிஞ்சும் மெழுகைத் தின்பது அதன் பிழைப்பு.

"நீ உள்ளூர்க்காரனாச்சே! உனக்கு எதுக்கு இந்தச் சுற்றுலா?" என்று கேட்டது வெகேசா.

"பொறந்த ஊரை யாரு ஒழுங்கா பார்க்கறாங்க! நீ காட்டினா நல்லா இருக்கும்னு வந்தேன்" என்றது தேன்காட்டி.

கீரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நீர்யானை மடுவைக் காட்டியது. சிறுத்தை இரையைத் தூக்கி வைத்திருந்த மரத்தைக் காட்டியது. கறையான் புற்றைப் பற்றி மூச்சு விடாமல் பேசியது. நாரைகள் தலையாட்டின. இளம் குயில் ஒன்று மட்டும் கொட்டாவி விட்டது.

தேன்காட்டி மெதுவாக ஆரம்பித்தது. "எல்லாம் சரிதான் தம்பி. காண்டாமிருகம் எங்கே? அதைக் காட்டாம அனுப்பினா இவங்க ஊருக்குப் போய் என்ன சொல்லுவாங்க? உனக்கே தெரியாதோ என்னவோ!"

"யாருக்குத் தெரியாது?" என்று சிலிர்த்துக்கொண்டது வெகேசா. "வாங்க என் பின்னாலே!"

போகும் வழியெல்லாம் அது பாடத்தை மறக்கவில்லை. காற்று முகத்தில் அடிக்கும்படி சுற்றிப் போனது. ஓசைப்படாமல் நடந்தது. முள்வேலம் புதரின் இடுக்கு வழியாகப் பார்த்தால், தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது! மூக்கில் கொம்பு வர வேண்டிய இடத்தில் ஒரு மொட்டு மட்டும் இருந்தது.

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்று கிசுகிசுத்தது இளம் குயில். கொட்டாவி போன இடம் தெரியவில்லை.

எல்லாரும் குட்டியைப் பார்த்தார்கள். தேன்காட்டி மட்டும் குட்டியைப் பார்க்கவில்லை. பக்கத்துப் பாறையைப் பார்த்தது. உச்சி முறிந்த மரத்தைப் பார்த்தது. ஆறு எந்தப் பக்கம் என்று பார்த்தது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பறந்துவிட்டது.

"அவருக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்று கேட்டது குயில்.

வெகேசா திரும்பிப் பார்த்தது. தேன்காட்டி ஆற்றங்கரையை நோக்கிப் பறந்தது. அங்கே வேட்டைக்காரர்களின் அடுப்புப் புகை தெரிந்தது. கீரிக்குச் சட்டென்று உறைத்தது. அந்தக் குருவியின் பிழைப்பே காட்டிக்கொடுப்பதுதானே! இன்றைக்கு அது தேடி வந்தது தேன்கூடு இல்லை. அதற்கு வழி காட்டியது யார்? வெகேசாவேதான்!

விருந்தாளிகளோடு அது தலைதெறிக்கத் திரும்பி வந்தது. ஒட்டகச்சிவிங்கி இறகும் கையுமாகக் காத்திருந்தது என்று சொல்லலாம், அதற்குக் கை இருந்தால். வாயில்தான் கவ்விக்கொண்டிருந்தது. நாரைகள் படபடவென்று சிறகு தட்டின.

"பாஸ்!" என்றது ஒட்டகச்சிவிங்கி. "காதைக் காட்டு, இறகைச் செருகறேன்!"

பேசாமல் காதைக் காட்டியிருந்தால் இறகு கிடைத்திருக்கும். விருந்தாளிகள் ஊருக்குப் போனபின், யார் காட்டினார்கள் என்று காட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மொட்டு மூக்கு வெகேசாவின் கண்ணை விட்டுப் போகவில்லை.

"மேடம், இறகு வேண்டாம்! தாயும் குட்டியும் படுத்திருக்கிற இடத்தைத் தேன்காட்டிக்குக் காட்டிட்டேன். அவன் ஆற்றங்கரைக்குப் போயிட்டான்!"

ஒட்டகச்சிவிங்கியின் வாயிலிருந்து இறகு விழுந்தது. திட்டுவதற்குக்கூட நேரம் இல்லை.

"நான் போய்த் தாயையும் குட்டியையும் வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். தடத்தை மட்டும் யாராவது அழிங்க!" என்று கத்திக்கொண்டே கீரி ஓடியது.

காண்டாமிருகத்துக்குக் கண் மங்கல், கோபம் அதிகம். புதருக்குள் ஏதோ நுழைவது தெரிந்ததும் கொம்பைத் தாழ்த்திப் பாய வந்தது. வெகேசா ஓடவில்லை. நடுங்கிக்கொண்டே நின்றது.

"அக்கா, நான்தான், கீரி! என் வாயால் உங்களுக்கு ஆபத்து வந்துடுச்சு. அப்புறமா மிதிச்சுக்கோங்க, இப்போ என் பின்னாலே வாங்க!"

தாய் அதை மோந்து பார்த்தது. பொய் வாசனை இல்லை போலும். குட்டியை எழுப்பிக்கொண்டு பின்னால் நடந்தது.

கீரி அவர்களை மணலில் கூட்டிப் போகவில்லை, பாறை மேலேயே கூட்டிப் போனது. பாறை முடிந்த இடத்தில் ஓடைத் தண்ணீருக்குள் நடத்தியது. அதற்கு அப்பால் பதிந்த தடத்தையெல்லாம் கினிக்கோழிகள் கூட்டமாகக் கிளறிக் கலைத்தன. காலியான புதரின் நிழலைப் பார்த்தன சில கிழட்டுக் காட்டெருமைகள். "அட, நல்ல இடம்!" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டன.

கொஞ்ச நேரத்தில் தேன்காட்டி கத்திக்கொண்டே பறந்து வர, பின்னாலேயே வேட்டைக்காரர்கள் வந்தார்கள். புதருக்குள் கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. துப்பாக்கியை நீட்டியபடி நெருங்கினார்கள். முதுகு எழுந்தது. அப்புறம் இன்னொரு முதுகு! தூக்கம் கலைந்த காட்டெருமையைச் சமாதானப்படுத்த யாரால் முடியும்? துப்பாக்கியைப் போட்டுவிட்டு முள்மரத்தில் ஏறினார்கள். மேலே முள், கீழே கொம்பு! அவர்கள் போட்ட அலறலில் வனக்காவலர்கள் ஓடி வந்து, காட்டெருமைகளை விரட்டிவிட்டு, பழம் பறிப்பதுபோல் அவர்களைப் பறித்துக்கொண்டு போனார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. வெகேசா புல்லில் பொத்தென்று விழுந்தது. அப்போதுதான் அதற்கு மூச்சே வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தப்பில் எனக்கும் பங்கு இருக்கு. சிறகு தட்டினா பாஸ்னு சொன்னவ நான்தானே!" என்றது அங்கே வந்து சேர்ந்த ஒட்டகச்சிவிங்கி. "தேர்வை மாத்தறேன். நாளைக்கு மறுபடி எழுது!"

மறுநாள் வேறு நாரைகள் வந்தன. நீர்யானை, சிறுத்தை மரம், கறையான் புற்று எல்லாம் ஆயிற்று. ஒரு நாரை கேட்டது. "காண்டாமிருகம் இருக்காமே, எங்கே?"

வெகேசா வாயைத் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது. "காண்டாமிருகமா? அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க!"

அந்தச் சமயம் பார்த்துப் பின்னால் இருந்த புதருக்குள் குட்டி 'ஹச்!' என்று தும்மியது.

"அது என்ன சத்தம்?"

"எனக்குத்தான் ஜலதோஷம்!" என்று சொல்லி வெகேசாவும் பலமாக ஒரு தும்மல் போட்டது. "வாங்க, வாங்க, அந்தப் பக்கம் வரிக்குதிரை இருக்கு!"

நாரைகள் முகத்தைச் சுளித்தன. திரும்பி வந்தபோது ஒன்றுகூடச் சிறகு தட்டவில்லை. மரங்களுக்கு மேலாக எல்லாவற்றையும் பார்த்திருந்த ஒட்டகச்சிவிங்கி மட்டும் அந்த நீளக் கழுத்தை வளைத்துக் கீழே வந்து, கீரியின் காதில் கினிக்கோழி இறகைச் செருகியது.

நீதி: எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று தெரிந்து நடப்பவனே நல்ல வழிகாட்டி.