விசிறிக்குள் ஒரு பென்சில்

இந்தக் கதையைப் பதினோரு வருஷமாக நான் முழுதாக நம்பியதில்லை.

சொன்னவன் தணிகாசலம். நூற்பாலையில் இருபது வருஷம் என்னோடு வேலை பார்த்தவன். கோபம் வந்தால் எதிரே நிற்பது யாரென்று பார்க்கமாட்டான். நானும் அப்படித்தான். சந்தேகமே அதனால்தான்.

ஆலை மூடியதும், நாற்பத்தாறு வயதில், குடியாத்தத்தில் மெஹருன்னிசாவின் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தான். அவர் அவனைவிடப் பதினான்கு வயது சின்னவர். முதல் மாதத்திலேயே வாடிக்கையாளர்களோடு இரண்டு சண்டை. மூன்றாவது சண்டை நடந்தால் அன்றோடு சரி என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் அவன் மேஜையைக் குத்தினான்.

“இது மூணாவது ஃபேன்மா. டூப்ளிகேட்டா அனுப்புறான்.”

ஜெராக்ஸ் கடை கோதண்டனின் பழைய கம்ப்யூட்டர் அது. ஃபேன் நின்றுபோய், சூடேறி, தானாக அணைந்துவிடும். இரண்டு முறை மாற்றியாயிற்று. இரண்டு முறையும் இருபதே நாளில் கரகரவென்று கத்தி நின்றுவிட்டது. ஃபேன் செய்தவனைத் திட்டினான். கோதண்டன் கடைத் தூசியைத் திட்டினான். கோதண்டனின் வாயையும் திட்டினான்.

தன் கண்ணெதிரே மாற்றும்படி மட்டும் சொன்னார் மெஹருன்னிசா.

சிப்பின் மேல் காய்ந்திருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவினான். ஃபேனைப் பொருத்தினான். ஒரு குறை சொல்ல முடியாது.

கடைசியில், வழக்கம்போல, பெட்டிக்குள் தூசி போக ப்ளோயரைப் பிடித்தான். காற்று பட்டதும் புது ஃபேன் வீலென்று சுழன்றது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும்.

“பாரும்மா, எப்படிச் சுத்துது.”

அவர் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து இறக்கைக்குள் விட்டார்.

ஃபேன் நின்றது. ப்ளோயர் இரைந்துகொண்டிருந்தது. தூசி மட்டும் பறந்தது.

“அது சுத்தலண்ணா. நீங்க சுத்த வைக்கிறீங்க. அதோட வேகம் வேற. வெளிக்காத்துக்கெல்லாம் இப்படிச் சுத்தினா உள்ள தேஞ்சு போவாதா?”

முதல் இரண்டும் எப்படிச் செத்தன என்று அவனுக்குப் புரிந்தது. காது சுட்டது.

அந்த நேரம் பார்த்துக் கோதண்டன் உள்ளே வந்தான்.

“என்ன மில்லுக்காரரே, மூணாவதையும் கொன்னாச்சா?”

தணிகாசலம் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

மெஹருன்னிசா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இறக்கையிலிருந்து பென்சிலை உருவி அவன் பக்கம் நீட்டினார்.

எப்போது சொன்னாலும் இங்கேதான் நிறுத்துவான். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அதே மாதம் அவன் அந்தக் கடையை விட்டு வந்துவிட்டான். ஏன் என்று சொன்னதில்லை.

போன வாரம் நான் என் மகனைக் கைநீட்டி அடித்தேன். இருபத்து மூன்று வயது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனேன். கதையை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னான். பென்சிலுக்கு வந்ததும் நிறுத்தினான்.

“பென்சிலைக் கையில வாங்கினியாடா?” என்று கேட்டேன்.