பதினோரு விநாடி

அம்பாசமுத்திரத்தில், உரக்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் குருவுக்கு வயது இருபத்தாறு. பெயர் ஜெபசெல்வி. சீடருக்கு அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற திருமலையாண்டி. ஊரில் அவர் ஏறாத கம்பம் கிடையாது. மவுஸைத் தொடத்தான் பயம்.

அவர் மனைவி வடிவு இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வரும் ஞாயிறு முப்பதாம் நாள், படத்திறப்பு.

வடிவு நடமாடும் வீடியோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதினோரு விநாடி. பதினாறாம் நாளுக்கு அவரே முட்டி மோதி அதைப் போட்டோக்களோடு ஸ்லைடாகக் கோத்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். போட்டோக்கள் எல்லாம் திரையில் வந்தன. வடிவு நடந்து வர வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. சொந்தக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பந்திக்கு எழுந்து போனார்கள். சொந்தக்காரர்களுக்கு எந்தத் துக்கத்திலும் பசி தாங்காது.

மறுநாள்தான் அவர் இந்த மாடிப்படி ஏறினார்.

"வீட்டுல நல்லா ஓடுச்சு டீச்சர். அங்க போனதும் ஏன் ஓடல?"

ஜெபசெல்வி ஒரு காகிதத்தை நீட்டினாள். "உங்க வீட்டு விலாசத்தை எழுதுங்க ஐயா."

எழுதினார்.

"இதை மண்டபத்துல கொண்டுபோய் வெச்சா, உங்க வீடு அங்க வந்துருமா?"

"அது எப்படி வரும்?"

"நீங்க ஸ்லைடுல வெச்சது வீடியோ இல்ல. வீட்டு கம்ப்யூட்டர்ல அது எங்க இருக்குங்கிற விலாசம். இந்தத் தடவை வீடியோவையே உள்ள வெச்சிருவோம்."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டை இப்போது அவருக்கு இரண்டு சுற்றுப் பெரிதாக இருந்தது.

தினமும் பதினொரு மணிக்கு வருவார். கையில் ஒரு தூக்குவாளி இருக்கும். எதிர்வீட்டுப் பேச்சித்தாய் விடாப்பிடியாகக் கொடுத்தனுப்பும் மதியச் சோறு. ஒன்றரைக்கு அவர் படி இறங்கும்போது அதுவும் வந்த கனத்தோடே இறங்கும். ஜெபசெல்வி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வியாழக்கிழமை வீடியோ ஸ்லைடுக்குள் வந்துவிட்டது.

"கிளிக் பண்ணுனா ஓடணுமா, தானா ஓடணுமா ஐயா?"

"தானா ஓடட்டும். என் கை நடுங்கும்."

"ஓடி முடிஞ்ச பிறகு?"

"முடியக் கூடாது டீச்சர்."

"அப்படின்னா?"

"முடிஞ்சதும் மறுபடி வரணும். மறுபடி, மறுபடி. அதுக்கு வழி இருக்கா?"

"இருக்கு. நாம நிறுத்துற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும்."

"அதைப் போடுங்க. சத்தத்தை மட்டும் எடுத்துருங்க. புல்லாங்குழல் ஒண்ணு வெச்சிருக்கேன், அதைச் சேத்துக்கலாம்."

"அம்மா குரல் வேண்டாமா?"

"வேண்டாம்." கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

அவள் சத்தத்தை அணைத்து ஓடவிட்டாள்.

அடுப்படி வாசலில் இருந்து வடிவு வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். என்னவோ சொன்னாள். பிறகு உள்ளங்கையை நீட்டிக் கேமராவை மறைத்தாள். அவ்வளவுதான். உடனே மறுபடியும் அடுப்படி வாசலில் இருந்து வந்தாள்.

திருமலையாண்டி திரைக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டார். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"என்ன சொல்லுதாங்க ஐயா?" என்று கேட்டாள் ஜெபசெல்வி.

வடிவு இன்னும் இரண்டு முறை வந்து போனாள். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"புதுப் போன் வாங்குன அன்னிக்கு எடுத்தது. சாப்பிடக் கூப்பிட்டா. இந்தா வாரேன்னு சொன்னேன். சொல்லிட்டுப் போனை நோண்டிக்கிட்டே கிடந்தேன். மூணரை மணி ஆயிட்டு."

"அம்மா?"

"நான் சாப்பிடாம அவ சாப்பிட மாட்டா. நாப்பது வருசத்துல ஒரு நாள் சாப்பிட்டதில்ல. அன்னிக்கும் தட்டுக்கு முன்னால அப்படியே உக்காந்திருந்தா, பாவி." தன்னைத்தான் பாவி என்றார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "அடுத்த வாரம் போயிட்டா டீச்சர்."

புல்லாங்குழலை ஜெபசெல்வி தேடவில்லை. அணைத்த சத்தத்தைத் திறந்துவிட்டாள்.

"படம் புடிச்சது போதும். சோறு ஆறுது, எந்திரிங்க."

"இந்தா வாரேன்." அது அவருடைய குரல்.

உள்ளங்கை வந்து மறைத்தது. மறுபடியும் அடுப்படி வாசல்.

"படம் புடிச்சது போதும். சோறு ஆறுது, எந்திரிங்க."

"இந்தா வாரேன்."

அவர் காதைப் பொத்திக்கொண்டார். குரல் நிற்கவில்லை. உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் மேலே பார்த்தார்கள்.

"நிறுத்துங்க டீச்சர்!"

"மவுஸ் உங்க முன்னாலதான் இருக்கு ஐயா."

அவரால் அதை அழுத்த முடியவில்லை. வடிவு வந்தாள், கூப்பிட்டாள், மறைத்தாள். மறுபடி வந்தாள்.

ஜெபசெல்வி எழுந்து, மேஜைக்கடியில் இருந்த தூக்குவாளியை எடுத்துக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். குடிக்கிற தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் கேக்க ஒம்பது தடவை கூப்பிட்டுட்டாங்க ஐயா," என்றாள். "நீங்க எந்திரிக்காம அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?"