உச்சியை வெட்ட மறுத்த மலையணில்

ஒரு காட்டில், மலைச்சரிவு ஒன்றில், மாதுளை என்ற மலையணில் இருந்தது. மரங்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அதன் தொழில். பட்டுப்போன கிளை, புல்லுருவி பிடித்த கொம்பு, ஒன்றோடொன்று உரசிப் பட்டை தேய்ந்த கிளைகள், எதுவானாலும் காட்டு விலங்குகள் மாதுளையைத்தான் கூப்பிடும். அதுவும் உடனே வெட்டிவிடாது. மரத்தை வேரிலிருந்து நுனிவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகுதான் பல்லை வைக்கும். தொழில் சுத்தம். பிடிவாதமும் கொஞ்சம் தூக்கல்தான், குழந்தைகளே!

அதே சரிவில் ஒரு நாவல் மரத்தடியில் கருத்தான் என்ற கரடி குடியிருந்தது. உடன் அதன் மனைவி பூவாத்தாவும் இரண்டு குட்டிகளும் இருந்தன. கருத்தானுக்கு உடம்புதான் பாறை மாதிரி. நெஞ்சோ கோழிக்குஞ்சு நெஞ்சு.

ஆடி மாதம் பிறக்கப்போகிற சமயம் அது. காற்று இப்போதே ஊளையிட ஆரம்பித்திருந்தது. பக்கத்து மேட்டில் நின்ற வேங்கை மரம் ஒன்று அந்தக் காற்றில் சாய்ந்து விழுந்தது. அன்றிலிருந்து கருத்தானுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு நாவல் மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தது. உச்சி ஆடும்போதெல்லாம் குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கடைசியில் மாதுளைக்கு ஆள் அனுப்பியது.

"வா தங்கச்சி! இந்த மரத்தோட உச்சிய அப்படியே வெட்டி எடுத்துரு. மொட்டையா நின்னாலும் பரவாயில்ல. எம்புள்ளைங்க தலையில விழாம இருந்தாப் போதும்" என்றது கருத்தான்.

மாதுளை வழக்கம்போல மரத்தைச் சுற்றிவந்தது. அடியில் கொஞ்சநேரம் நின்று முகர்ந்தது. பிறகு விறுவிறுவென்று நுனிவரை ஏறி இறங்கியது.

"அண்ணே, உச்சி நல்லாத்தான் இருக்கு. நாலஞ்சு காஞ்ச குச்சி கிடக்கு, ஒரு கொம்புல புல்லுருவி இருக்கு. அதை எடுத்துடறேன். வேரடியிலதான் மண்ணை யாரோ பறிச்சுப் போட்டிருக்காங்க. ஆபத்து அங்கதான் இருக்கு" என்றது.

கருத்தான் உறுமியது. "காத்து எங்க அடிக்குது? மேலயா, கீழயா?"

"மேலதான்."

"ஆடுறது எது? உச்சியா, வேரா?"

"உச்சிதான்."

"அப்ப உச்சியத்தானே வெட்டணும்! இது ஒரு குட்டிக்குக்கூடப் புரியுமே!"

"ஆடுற மரம் விழாதுண்ணே. பிடிமானம் போன மரந்தான் விழும். உச்சிய வெட்டினா அந்தக் காயத்துல மழைத்தண்ணி இறங்கும். உள்ளுக்குள்ளயே இத்துப்போகும். சுத்தி பொசுபொசுன்னு துளிர் கிளம்பும். பார்க்கச் செழிப்பாத்தான் தெரியும். ஆனா ஒண்ணுக்கும் பிடிப்பு இருக்காது. பின்னால ஒரு காத்துல அதுதான் உங்க புள்ளைங்க தலையில விழும்."

"நான் கேக்குறதைச் செய்யறதுதானே உன் தொழில்?"

"மரத்தைக் காப்பாத்தறது என் தொழில். நீங்க கேக்குறது அதுல சேராது" என்றது மாதுளை.

கருத்தானுக்குக் கோபம் மூக்கின்மேல் வந்தது. "உன்னை விட்டா இந்தக் காட்டுல ஆளே இல்லையா? போ, போ!" என்று விரட்டிவிட்டது. பூவாத்தா என்னவோ சொல்ல வாயெடுத்தது. கருத்தான் அதையும் ஒரு அதட்டு அதட்டியது.

நேராகப் போய்த் துள்ளான் என்ற குரங்கைக் கூட்டிவந்தது. துள்ளான் யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லாது. கூலி கிடைத்தால் சரி.

"ஒரு தேனடை தர்றேன். உச்சிய வெட்டுறியா?" என்று கேட்டது கருத்தான்.

"உச்சி மட்டும் போதுமாண்ணே? வேணும்னா பாதி மரத்தையே எடுத்துடறேன். தேனடையை மட்டும் கொஞ்சம் பெரிசாப் பார்த்துக் குடுங்க!" என்று பல்லைக் காட்டியது துள்ளான்.

மறுநாள் காலை துள்ளான் வந்து மரத்தில் தாவி ஏறியது. பாதி உயரம் போனதும் திடுக்கிட்டு நின்றுவிட்டது. உச்சிக் கொம்பில் வாலைச் சுற்றிக்கொண்டு மாதுளை உட்கார்ந்திருந்தது.

"இறங்கு! இது இப்ப என் வேலை" என்றது துள்ளான்.

"இறங்க மாட்டேன். முதல்ல என்னை வெட்டு, அப்புறம் உச்சிய வெட்டு" என்று மாதுளை தன் பற்களைக் காட்டியது. மரத்தையே அறுக்கும் பற்கள்! துள்ளான் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு சத்தம் போடாமல் இறங்கிவிட்டது.

"அண்ணே, அது அங்க இருக்கிற வரைக்கும் என்னால ஆகாது. ஆனா தேனடை பேசினது பேசினதுதானே?"

கருத்தான் அண்ணாந்து பார்த்துக் கத்தியது. "ஏ அணிலு! மரியாதையா இறங்குறியா, இல்ல மரத்தை ஆட்டி உன்னை உதிர்க்கட்டுமா?"

மாதுளை காத்துக்கொண்டிருந்தது இந்த வார்த்தைக்காகத்தான்.

"ஆட்டுங்கண்ணே! அந்த ஆடிக்காத்து நீங்கதான்னு நெனச்சு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு ஆட்டுங்க. ஒரு பச்சைக் கிளை முறிஞ்சு விழுந்தாலும் நானே என் பல்லால இந்த உச்சிய வெட்டித் தர்றேன். கூலியும் வேண்டாம்!" என்றது. பிறகு, "மதினி! நீங்க புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அந்தப் பாறைப் பக்கம் போயிடுங்க" என்று பூவாத்தாவிடம் சொன்னது.

பூவாத்தா குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியது.

மாதுளைக்குப் பயம் இல்லாமல் இல்லை. வேரடி எவ்வளவு பலவீனம் என்று அதற்குத்தான் நன்றாகத் தெரியுமே! மரம் சாய்ந்தால் அதன் கதையும் அன்றோடு முடிந்தது. ஆனாலும் இறங்கினால் இந்த மரம் செத்ததுதான். மாதுளை கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கருத்தான் தோளைக் கொடுத்து மரத்தை ஒரு முட்டு முட்டியது. இலைகள் மழைபோல் கொட்டின. காய்ந்த குச்சிகள் சடசடவென்று விழுந்தன. பச்சைக் கிளை ஒன்றுகூட முறியவில்லை.

"அவ்வளவுதானா காத்து?" என்று மேலிருந்து குரல் வந்தது.

கருத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உலுக்கு உலுக்கென்று உலுக்கியது. கிளைகள் வளைந்தன, நிமிர்ந்தன, மறுபடி வளைந்தன. ஒன்றும் ஒடியவில்லை. திடீரென்று கருத்தானின் காலடியில் 'மளுக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. மண் பிளந்தது. வேர் ஒன்று அறுந்து மேலே கிளம்பியது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றது. கருத்தானின் பின்னங்கால் குழிக்குள் இறங்க, அது தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

துள்ளான் எப்போது கம்பி நீட்டியது என்றே தெரியவில்லை.

கருத்தான் மேலே பார்த்தது. கிளைகள் முழுசாக இருந்தன. கீழே பார்த்தது. குழி ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"இந்தக் குழியை யாரு தோண்டினது?" என்று ஈனக்குரலில் கேட்டது.

மாதுளைக்கு அது முதல்நாளே தெரியும். வீட்டுக்காரரின் மனம் நோகக்கூடாதே என்றுதான் 'யாரோ' என்று சொல்லியிருந்தது. பாறைப் பக்கமிருந்து திரும்பி வந்த பூவாத்தாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை.

"யாரு தோண்டினதா? சாயங்காலம் ஆனாப் போதும், கறையான் திங்கணும்னு இந்த வேரடியைப் பறிச்சுப் பறிச்சுப் போட்டது யாரு? நான் சொல்ல வந்தா அதட்டுறீங்க. உங்க நகத்தைப் பாருங்க. இன்னும் மண்ணு ஒட்டியிருக்கு!"

கருத்தான் தன் நகங்களைப் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பெற்ற பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவை படுக்கிற மரத்தடியையே அல்லவா தோண்டி வைத்திருந்தது!

"தங்கச்சி, மெதுவா இறங்கி வா. இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு. நீ சொல்றபடி செய்யறேன்" என்றது.

"மண்ணு சுமக்கணும்" என்றது மாதுளை.

அன்று முழுவதும் கருத்தான் மண் சுமந்தது. முதலில் தோளைக் கொடுத்து மரத்தை நிமிர்த்திப் பிடித்தது. பூவாத்தா சாய்ந்த பக்கம் பெரிய கற்களாக உருட்டி முட்டுக் கொடுத்தது. பிறகு இரண்டும் ஓடைக்கரையிலிருந்து மண்ணை அள்ளிவந்து குழியில் கொட்டி மிதித்தன. குட்டிகள் அதன்மேல் குதித்துக் கும்மாளம் போட்டன. மண் இன்னும் இறுகியது. மாதுளை மேலே ஏறிப் புல்லுருவியையும் மிச்சமிருந்த காய்ந்த குச்சிகளையும் மட்டும் சுத்தமாக வெட்டி எடுத்தது.

ஆடிக்காற்று வந்தது. காடே பேயாட்டம் ஆடியது. நாவல் மரத்தின் உச்சியும் சேர்ந்து ஆடியது. ஆனால் அடிமரம் அசையவில்லை. குட்டிகள் அதன் அடியில் கட்டிப் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. கருத்தான் அண்ணாந்து பார்க்கவே இல்லை. வேரடி மண்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து காவல் காத்தது. பசியெடுத்தபோது கறையானைத் தேடி அடுத்த மேட்டுக்கு நடந்து போனது.

நீதி: கெடுதல் என்று தெரிந்தும் கேட்டதைச் செய்து கொடுப்பவர் உதவி செய்பவர் அல்லர், மாட்டேன் என்று மறுத்து நிற்பவரே உண்மையில் உதவுபவர்.