சுனைக்கரைப் போரும் சுருளனின் விதிகளும்

கரும்பாறைக் காட்டில் ஒரு சுனை இருந்தது. கோடை வந்துவிட்டால் அந்த வட்டாரத்துக்கே தண்ணீர் அது ஒன்றில்தான். இரவெல்லாம் பாறை இடுக்கிலிருந்து ஊறும் நீர், விடியும்போது முழங்கால் அளவு நிற்கும். காட்டுப்பன்றிகள் முதலில் வந்தால் குடித்துவிட்டு அதிலேயே புரளும்; பின்னால் வரும் மான்களுக்கு வெறும் சேறுதான் கிடைக்கும். புள்ளிமான்கள் முதலில் வந்தால், பெரிய கூட்டமாயிற்றே, ஒட்டக் குடித்துவிடும். பன்றிகளுக்கு மூக்கை நனைக்கக்கூட மிஞ்சாது. அதனால் கோடைதோறும் அங்கே சண்டை மூண்டது. சண்டைதோறும் ஏதாவது ஓர் உயிர் போனது.

சுனைக்கு மேலே ஒரு வளையில் சுருளன் என்ற அழுங்கு வசித்தான். உடம்பு முழுக்கச் செதில். பயம் வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வான். கறையான் புற்றைத் தோண்டித் தின்றுவிட்டு, மிஞ்சிய மண்ணை நனைத்துப் பொம்மை பிடிப்பது அவனுக்குப் பிடித்த வேலை.

ஒரு கோடையில், சண்டையில் செத்த பன்றி ஒன்று அவன் வளை வாசலிலேயே கிடந்தது. அதன்பின் அவனுக்குக் கறையான் இறங்கவில்லை. யோசித்து யோசித்து, கடைசியில் இரண்டு கூட்டத்தின் தலைவர்களையும் அழைத்தான். பன்றிகளுக்குப் பேச்சி என்ற கிழட்டுப் பெண்பன்றி தலைவி. மான்களுக்கு மருதன் என்ற கொம்புமான் தலைவன்.

தட்டைப் பாறை ஒன்றின்மேல் கறுப்பு மண்ணில் செய்த பன்றிப் பொம்மைகளை ஒரு பக்கமும், செம்மண்ணில் செய்த மான் பொம்மைகளை மறுபக்கமும் சுருளன் நிறுத்தி வைத்திருந்தான். நடுவில் ஒரு குழி. அதுதான் சுனை. அதைச் சுற்றிக் கொஞ்சம் சேறும் சில கற்களும் வைத்திருந்தான்.

"நீங்கள் சண்டை போட வேண்டாம். இவை போடட்டும்" என்றான் சுருளன். "குழியை யார் பிடிக்கிறார்களோ, அவர்களுக்கு அடுத்த பௌர்ணமிவரை முதல் தண்ணீர்."

விதிகள் கொஞ்சம்தான். ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு பொம்மையை நகர்த்த வேண்டும். ஒரு முறைக்கு அழுங்கின் நகம் ஒன்றின் நீளம்தான் போகலாம். இரண்டு பொம்மைகள் முட்டிக்கொண்டால், உடைத்த புளியங்கொட்டைகளை வீச வேண்டும். யாருக்கு வெள்ளை அதிகம் விழுகிறதோ அவர் பொம்மை நிற்கும், மற்றது சாயும். பேச்சியும் மருதனும் சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தார்கள். ஆடத் தொடங்கியதும் இருவருக்கும் கண் பாறையைவிட்டு அகலவில்லை. அந்தக் கோடையில் யாரும் சாகவில்லை.

அடுத்த கோடையில்தான் வழக்கு ஆரம்பித்தது.

மருதன் தன் பொம்மையை ஒரு கல்லைத் தாண்டி வைத்தான். கல்லுக்குள் நுழைந்து எப்படிப் போகும் என்று பேச்சி கேட்டாள். மான் தாவும், பன்றிதான் தாவாது என்றான் மருதன். நியாயமாகத்தான் இருந்தது. சுருளன் அதை விதியாக்கினான். அப்படியானால் சேற்றில் பன்றி விரைவாகப் போகுமே, மான் கால் புதையுமே என்றாள் பேச்சி. அதுவும் சரிதான். அதற்கும் ஒரு விதி. பன்றிக்கு மோப்பம் உண்டு என்பதால் காற்றுக்கு ஒரு விதி வந்தது. கொம்பு உதிர்ந்த மானுக்கு ஒரு விதி, குட்டியோடு வரும் பன்றிக்கு ஒரு விதி, சரிவில் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று வளர்ந்துகொண்டே போயிற்று.

சுருளன் தானாகவும் ஒரு விதி சேர்த்தான். பக்கத்துப் பொம்மை சாய்ந்தால், நிற்கும் பொம்மை பயந்து ஓடுமா என்று கொட்டை வீசிப் பார்க்க வேண்டும். பயத்தைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பன்றி பயப்படுவதாவது என்று பேச்சி சிரித்தாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த இடத்தில் முணுமுணுத்துக்கொண்டே வீசினாள்.

எல்லா விதியும் சுருளனுக்கு மனப்பாடம். வேறு யாருக்கும் இல்லை. அது அவனுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அவனைக் கேட்காமல் ஒரு பொம்மையும் நகராது. காட்டில் நடப்பதெல்லாம் இப்போது அந்தப் பாறைமேல் அப்படியே நடக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அதற்கடுத்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. சுனை பாதியாகிவிட்டது. முடிவு தெரியும்வரை யாரும் நீரில் வாய் வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். விடியற்காலையில் தொடங்கிய ஆட்டம் வெயில் ஏறியும் முடியவில்லை. பேச்சியின் பொம்மை நகரும்போது காற்று திசை மாறியதா, நகர்ந்தபின் மாறியதா என்று வாதம். சுருளன் மூக்கை நனைத்துத் தூக்கிப் பார்த்தான். வலப்பக்கம் நடந்து பார்த்தான், இடப்பக்கம் நடந்து பார்த்தான். சரிவில் நிற்கும் பொம்மைக்குக் காற்று வேறாக அடிக்குமே என்று அவனுக்கே ஒரு புதுச் சந்தேகம் வந்தது. பன்றிக்குட்டிகள் கத்திக் கத்தி ஓய்ந்து நிழலில் சாய்ந்துவிட்டன. மான்கள் நாக்கைத் தொங்கவிட்டு நின்றன.

பாறை ஓரத்தில் இருந்து எப்போதும் ஆட்டம் பார்க்கும் முயல் ஒருத்தி உண்டு. துவரி என்று பெயர். அவள் எழுந்து வந்தாள்.

"அண்ணே, அங்கே பாருங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வெயில் சுனையைக் குடித்துக்கொண்டிருக்கிறது."

திரும்பிப் பார்த்தார்கள். சுனையின் விளிம்பில் ஈரக்கோடு காய்ந்து வெளுத்திருந்தது. அன்று ஆட்டம் முடியவே இல்லை. இரண்டு கூட்டமும் இருந்ததை ஆளுக்குக் கொஞ்சம் நக்கிவிட்டுப் போயின.

மறுநாள் பேச்சியும் மருதனும் சேர்ந்தே வந்து, சுருளனின் விதிகள் இனி வேண்டாம் என்று சொன்னார்கள். துவரி ஒரு வழி சொல்லியிருந்தாள். பொம்மையும் வேண்டாம், பாறையும் வேண்டாம். விடியும்தோறும் ஒரே ஒரு கொட்டையைத் தூக்கிப் போடுவது. வெள்ளை விழுந்தால் மான், கறுப்பு விழுந்தால் பன்றி. விழுந்த உடனே போய்த் தண்ணீர் குடிக்கலாம்.

சுருளன் பொம்மைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வளைக்குப் போனான். கீழே கொட்டை விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து உடனே தண்ணீர் குடிக்கும் சத்தமும் கேட்டன. இவ்வளவு எளிதான காரியத்துக்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று அவனுக்குக் கசந்தது.

ஆனால் கூட்டங்களின் நிம்மதி நீடிக்கவில்லை. கொட்டை கறுப்பாக விழுந்தது. அடுத்த முறையும் கறுப்பு. அதற்கடுத்தும் கறுப்பு. மான்கள் சேற்றை உறிஞ்சிக் குடித்து இருமின. மறுபடியும் கறுப்பு விழுந்தபோது மருதன் அசையாமல் நின்றான்.

"முன்பெல்லாம் தோற்றால், எந்த இடத்தில் தப்பாக வைத்தேன் என்று எனக்கே தெரியும்" என்றான். "இப்போது நான் என்ன தப்பு செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் தோற்க என் கூட்டத்தை எப்படிச் சம்மதிக்க வைப்பேன்?"

விழுந்தது விழுந்ததுதான் என்றாள் பேச்சி.

மருதன் கொம்பைத் தாழ்த்தினான். அதன்பின் என்ன நடந்தது என்று சுருளன் கண்ணால் பார்க்கவில்லை. சத்தம் கேட்டதுமே சுருண்டுவிட்டான். செதில்களுக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டான். சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்துத் தலையை நீட்டினான். கன்றுப் பருவம் தாண்டாத மான் ஒன்று வயிறு கிழிந்து கிடந்தது. பேச்சியின் தங்கை கொம்பு குத்திச் செத்திருந்தாள். அவள் விழுந்த உடனே மற்றப் பன்றிகள் நாலாபுறமும் ஓடிவிட்டன. சுனை முழுக்கச் சிவந்திருந்தது. ஒருவரும் குடிக்கவில்லை.

துவரி பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் அண்ணே காரணம்" என்றாள். "சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நினைத்தேன்."

"நானும்தான் காரணம்" என்றான் சுருளன். "நான் முடியவே விடவில்லையே."

இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம் சுருளன் பொம்மைகளை எடுத்துக்கொண்டு முதலில் மான்களிடம் போனான், பிறகு பன்றிகளிடம் போனான். வழக்கம்போல விதிகளைச் சொல்லி விளக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, கேள்வியாகக் கேட்டான்: இந்த விதி இல்லாமல் தோற்றால், அந்தத் தோல்வியை ஏற்றுக்கொள்வீர்களா, மாட்டீர்களா?

கல்லைத் தாவுவது வேண்டும் என்றான் மருதன். அது இல்லாவிட்டால் ஆடுவது மானே இல்லை. சேறு வேண்டும் என்றாள் பேச்சி. கொம்பு உதிர்வது, சரிவில் ஏறுவது, இறங்குவது, எதுவும் இல்லாமலே இருக்கலாம் என்று இருவரும் சொன்னார்கள். காற்று விதியைக் கேட்கும்போது சுருளனின் குரல் இறங்கியது. அதைச் சரிசெய்ய அவன் ஒரு மழைக்காலம் முழுக்க உழைத்திருந்தான். வேண்டாம் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனான்.

பய விதியைத் தானே எடுத்துவிடுவதாகச் சொன்னான். பேச்சி தடுத்தாள்.

"அது இருக்கட்டும்" என்றாள். "தங்கச்சி விழுந்ததும் நாங்கள் ஓடினோம். நான்தான் முதலில் ஓடினேன்."

துவரி தன் பங்குக்கு ஒன்று மட்டும் கேட்டாள். பக்கத்தில் நிற்கும் உயரமான பாறையின் நிழல் குழியைத் தொடும்போது ஆட்டம் நிற்க வேண்டும். அப்போது குழிக்கு அருகில் யார் பொம்மை இருக்கிறதோ அவருக்கு வெற்றி. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த விடியலில் ஆடினார்கள். யாரும் சுருளனிடம் எதையும் கேட்கவில்லை; எல்லோருக்கும் எல்லா விதியும் தெரிந்திருந்தது. அவன் ஓரமாக உட்கார்ந்து பார்த்தான். பேச்சி சுற்றுவழியில் போய் மான்களை மடக்கப் பார்த்தாள். அவசரத்தில் தன் பெரிய பொம்மையைச் சேற்றைவிட்டு வெளியே கொண்டுவந்து தனியாக நிறுத்திவிட்டாள். மருதன் கல்லைத் தாவி அதைச் சாய்த்தான். பக்கத்துப் பொம்மைக்குப் பேச்சி கொட்டை வீசினாள். அது பயந்து ஓடியது. நிழல் குழியைத் தொட்டது. மான்கள்தான் அருகில் நின்றன.

பன்றிக் கூட்டத்தில் உறுமல் எழுந்தது. ஒரு வாலிபப் பன்றி முன்னால் வந்தது. மருதனின் காதுகள் விறைத்தன. சுருளனுக்கு உடம்பு தானாகச் சுருளத் தொடங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுருளாமல் இருந்தான்.

பேச்சி பாறையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு சாய்ந்து கிடந்த தன் பொம்மையை மூக்கால் தள்ளினாள்.

"சேற்றிலேயே நின்றிருக்க வேண்டும்" என்றாள். "நான்தான் வெளியே வந்தேன். போகலாம், வாருங்கள்."

அவள் திரும்பி நடந்தாள். கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் பின்னால் போனது. தாகத்தோடுதான் போனது. மான்கள் இறங்கிக் குடித்தன. பேச்சியின் கூட்டத்துக்கு அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு எழ வேண்டும் என்று மருதன் தன் கூட்டத்துக்குச் சொன்னான். அப்படி ஒரு விதி கிடையாது.

நீதி: தோற்றவர் தன் தோல்வியைத் தானே புரிந்துகொண்டு எழுந்து போவதற்கு எவ்வளவு விதி தேவையோ, அவ்வளவு விதி இருந்தால் போதும்.