மீதி இல்லாத கணக்கு

சாரல் காலத்தில் அந்த மலையடிவார மடத்துக்குள் மேகம் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்துவிடும். தூண் தெரியும், கூரை தெரியாது. ஆள் தெரிவார், கால் தெரியாது. கனவா நனவா என்று கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மடத்தை நடத்தியவர் சிவகாமியம்மை. அவரிடம் சீடராக வந்திருந்த அம்பலவாணனோ அவரைவிட இருபது வயது மூத்தவர். காலமெல்லாம் கணக்கு வாத்தியார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் அவருக்குப் பெற்ற பிள்ளைகள் மாதிரி. அதில் வகுத்தல்தான் செல்லப்பிள்ளை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார் ஒரு மாலை.

"கேளுங்க வாத்தியாரே."

"நானும் என் தம்பி குற்றாலிங்கமும் சொத்தைப் பிரிச்சோம். நான்தான் வகுத்தேன். வீடும் வயலும் சரிபாதி. பலாமரத்தை வெட்டி, விறகா நிறுத்துப் பிரிச்சேன். கிணத்துக்கு நடுவுல சுவர் வச்சேன். ஒரு நூல் கூடல, குறையல."

"நல்லது."

"ஆனா அவன் எங்கிட்டப் பேசுறதில்லம்மா. வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுறது எனக்குக் கேக்கும். என்னன்னு கேக்க வழியில்ல. என் கணக்குல எங்க தப்பு?"

தம்பியில்லாமல் அந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அம்மை உள்ளே போய், அன்றைய சுண்டல் இருந்த உருளிப் பாத்திரத்தை எடுத்து வந்தார். சுண்டல் கரண்டியை அவர் கையில் கொடுத்தார். "இன்னிக்கு நீங்க பரிமாறுங்க."

தினமும் அம்மைதான் பரிமாறுவார். மாலையில் மடத்துக்கு வரும் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்த பிறகும் உருளியில் கொஞ்சம் கிடக்கும். அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "நீ எடுத்துக்கோ", "எனக்குப் போதும், உங்க பேத்திக்குக் கொண்டு போங்க" என்று ஆரம்பித்து, ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிக்காமல் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். கணக்குத் தெரியாத ஜனங்கள் என்று வாத்தியார் மனதுக்குள் சிரித்துக்கொள்வார்.

அன்று அவர் தலைகளை எண்ணினார். கரண்டியால் அளந்தார். உருளியைச் சுரண்டி, ஒட்டிக்கொண்டிருந்த கடலையையும் விடாமல் பங்கிட்டார். பிசகே இல்லை.

வாங்கினார்கள், தின்றார்கள், கை கழுவினார்கள். சிலர் உருளியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு "வரோம்மா" என்று ஒவ்வொருவராக மேகத்துக்குள் போய் மறைந்தார்கள்.

மண்டபத்தில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

"ஏன்மா எல்லாரும் போயிட்டாங்க? யாருக்காவது பங்கு குறைஞ்சுதா?"

"யாருக்கும் குறையல."

வாத்தியார் காலி உருளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ என் தம்பி..." என்று இழுத்தார்.

"மீதியே வைக்காம வகுத்துட்டீங்களே வாத்தியாரே. பாவம், எதைச் சாக்கு வச்சு அவர் உங்க வாசலுக்கு வருவார்?"