பல நிறப் பாம்புகளும் பனைமரத்துப் பருந்தும்

வைகாசி வெயிலில் வற்றிக்கொண்டிருந்த ஒரு குளத்தில் தண்ணீர்ப்பாம்புகள் பல வாழ்ந்தன. எல்லாம் ஒரே குலம். ஆயினும் எத்தனை நிறங்கள்! சிலவற்றின் முதுகில் வைக்கோல் நிறத்தில் நீண்ட வரிகள் ஓடின. சிலவற்றுக்கு உடலெங்கும் கட்டங்கள். சில செம்மண் போலச் சிவந்தும், சில அடுப்புக்கரி போலக் கறுத்தும் இருந்தன. படைத்தவன் தன் கைத்திறன் முழுவதையும் அந்தச் சிறு குளத்தில் காட்டியிருந்தான்.

குளத்து நீர் சேறாகிவிட்டது. கரையைக் கடந்து அப்பால் உள்ள பெரிய ஏரியை அடைந்தால்தான் உயிர் பிழைக்கலாம். கரையிலோ ஒரு பனைமரம். அதன் உச்சியில் ஒரு பருந்து!

பாம்புகளின் தலைவன் நெடுவரியன் கட்டளையிட்டான்: "வரியுள்ளவர்கள் முதலில் கடப்போம். கண்ட கண்ட நிறமுள்ளவர்கள் உடன் வந்தால் பருந்துக்கு விருந்து வைத்தது போலாகும். நீங்கள் கடைசியில் வாருங்கள்!"

"கடைசியில் வருவதற்குள் நாங்கள் சேற்றில் கருவாடாகிவிடுவோமே, அண்ணா!" என்றாள் கட்டமேனி.

"உன்னைப் பார், கிழிந்த மீன்வலை போல இருக்கிறாய்!"

"வலையைக் கண்டால் பறவை அஞ்சும். கோடுகளைக் கண்டு அஞ்சிய பறவை உண்டா?"

மற்றவை சிரித்தன. நெடுவரியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதல் வரிப்பாம்பு காய்ந்த புல்லினூடே விரைந்தது. பருந்து பாய்ந்தது. ஓடும் வரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அதன் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கால் நகங்களில் வெறும் புல்லே சிக்கியது.

"பார்த்தீர்களா எங்கள் பெருமையை!" என்று நெடுவரியன் முழங்கினான்.

இரண்டாவதும் அவ்வாறே தப்பியது. ஆனால் பருந்து மூடப்பறவை அன்று. "ஓகோ! கோடு தெரிந்தால் ஒரு சாண் முன்னே பாய வேண்டும்!" என்று அது கற்றுக்கொண்டது. மூன்றாவது வரிப்பாம்பு வால்நுனியைப் பறிகொடுத்து, குளத்துக்கே திரும்பி உருண்டு விழுந்தது.

மற்ற வரிப்பாம்புகள் சேற்றுக்குள்ளேயே பதுங்கின.

"அண்ணா, அந்தப் பருந்து கோடுகளை மட்டுமே மனப்பாடம் செய்திருக்கிறது. நான் போகிறேன்," என்றாள் கட்டமேனி.

"உனக்கு வேகமாக ஓடத் தெரியாதே, தங்கச்சி!"

"அசையாமல் கிடக்கத் தெரியும்!"

அவள் பூவரசஞ்சருகுகளின்மேல் ஊர்ந்தாள். பருந்தின் நிழல் விழுந்தவுடன் அப்படியே உறைந்தாள். கட்டங்கள் சருகோடு சருகாயின. பருந்து தேடித் தேடி அவள் தலைக்கு மேலேயே பறந்து சென்றது. அவள் ஏரியில் இறங்கினாள். மற்றக் கட்டப்பாம்புகளும் அவ்வாறே அவள் பின்னால் வந்து இறங்கின. நீர் கலங்கியதைக் கண்டபிறகே பருந்துக்கு விளங்கியது. உடனே சினந்து சருகுகளைக் கிளறத் தொடங்கியது. அதற்குள் செந்நிறப் பாம்புகள் செம்மண் சரிவில் நழுவிச் சென்றன. கரும்பாம்புகள் தீயில் கருகிய புல்திட்டின்மேல் கடந்தன.

"கோட்டைத் தேடுவதா, கட்டத்தைத் தேடுவதா? மண் நகர்கிறது! கரி ஊர்கிறது! ஒரு குலத்துக்கு இத்தனை சட்டைகளா!" என்று பருந்து வியந்து அலறியது.

கடைசிக் கரும்பாம்பு திரும்பிப் பார்த்துக் கத்தியது: "அண்ணா, அது புல்லை மறந்துவிட்டது. இப்போதே ஓடி வாருங்கள்!"

நெடுவரியன் தலைதாழ்த்தினான். "காயம்பட்டவன் முன்னே போகட்டும். நான் எல்லாருக்கும் பின்னால் வருகிறேன்," என்றான். வரிப்பாம்புகள் புல்லினூடே பாய்ந்தன. பருந்து தலைநிமிர்ந்தபோது, தலைவனின் வாலும் ஏரிநீருள் மறைந்துவிட்டது.

தன் நிறமே உயர்ந்தது என்பவன் பகைவனுக்கு ஒரே பாடத்தைக் கற்பித்துத் தன் குலத்தையே காட்டிக்கொடுக்கிறான். பல நிறங்களையும் போற்றும் குலத்தையோ எந்தப் பகைவனாலும் கற்றுமுடிக்க இயலாது.