பால் வராத கள்ளி

மலையடிவாரத்து மருந்துக்குடிலில் மங்கையர்க்கரசி என்றொரு குரு இருந்தார். சீடர் தர்மலிங்கம் அவரைவிட இருபது வயது மூத்தவர். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றபின் அங்கே வந்து சேர்ந்தவர்.

ஒருநாள் காலை காத்தாயி என்பவள் தன் கணவனைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். அவன் கண்களை இறுக மூடியிருந்தான். அவளுடைய இன்னொரு கையில், சாக்கில் சுற்றிய முள் தண்டு.

"வேலியில இத வெட்டுனாருங்க. சாறு கண்ணுல தெறிச்சிடுச்சு. கள்ளிப்பால் பட்டா கண்ணு அவிஞ்சிடும்னு சொல்றாங்களே. போயிடுமா அம்மா?"

குரு அவனைச் சாய்த்துப் படுக்கவைத்து, கண்ணில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். தண்டைத் தர்மலிங்கத்திடம் நீட்டினார்.

"பாருங்கள்."

தர்மலிங்கம் புத்தகங்களைப் பரப்பினார். ஐந்து விளிம்புகள். கொத்துக் கொத்தாக முள். ஒரு புத்தகம் ஒரு பெயர் சொன்னது. அடுத்தது வேறொன்று சொன்னது. மூன்றாவது, பூவைப் பார்த்து முடிவு செய்யச் சொன்னது.

"இது பூத்து பாத்திருக்கியாம்மா?"

"நாங்க குடிவந்து ஏழு வருசமாச்சுங்க. ஒருதடவகூட பூக்கல."

தர்மலிங்கம் மறுபடி முதல் புத்தகத்துக்குப் போனார். இப்போது அந்தப் பெயரும் பொருந்தவில்லை.

"அம்மா, இரண்டு பெயர் வருகிறது. பூ இல்லாமல் எதுவென்று சொல்ல முடியாது."

குரு குவளையை அவர் கையில் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்டை எடுத்து மூன்று இடங்களில் ஆழமாகக் கீறினார். தெளிந்த நீர் கசிந்தது.

"பால் இல்லை. முள்ளின் அடியில் பஞ்சு மாதிரித் திட்டு இருக்கிறது. பால் வடிகிற கள்ளியில் இது இருக்குமா?"

"இருக்காது."

குரு அவன் இமைகளை விலக்கிப் பார்த்தார்.

"முள் எதுவும் ஏறவில்லை. கண் போகாது. எரிச்சல் நிற்காவிட்டால் இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்."

காத்தாயி அப்போதுதான் அழுதாள். கொஞ்ச நேரத்தில் அவன் கண் திறந்தான். இருவரும் புறப்பட்டார்கள்.

தர்மலிங்கம் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்படியானால் இதன் பெயர் என்ன அம்மா?"

"எனக்குத் தெரியாது."

"பெயர் தெரியாமலா அவர்களை அனுப்பினீர்கள்?"

குரு ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பெண் இதன் பெயரைக் கேட்கவில்லையே."